மாயூரம் வேதநாயகம் பிள்ளை: தன்னைத் தான் ஆண்ட நீதிபதி



நமது திருக்கோவிலூர்க் கோர்ட்டு வாசலில் வாய்தா நாளன்று சற்று நேரம் நின்றிருக்கிறீர்களா? சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் அங்கே காத்திருப்பார்கள். ஒருவர் மடியில் பழைய பத்திரம். இன்னொருவர் கையில் பட்டா நகல். ஒரு விதவைத் தாய்க்குப் புருஷன் விட்டுப்போன கால் காணி நிலத்தைப் பற்றிய கவலை. இவர்கள் எல்லாரும் உள்ளே நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரை நம்பி வந்திருக்கிறார்கள். அவர் எவ்வளவு படித்தவர் என்று இவர்கள் கேட்பதில்லை. நியாயமானவரா என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்கிறார்கள். அவர் மனம் ஓர் எள்ளளவு சாய்ந்தாலும் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும் அல்லவா?

அப்படிப்பட்ட நாற்காலியில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அமர்ந்திருந்த ஒரு கத்தோலிக்கரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் பெயர் வேதநாயகம் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று உடனே சொல்வார்கள். அது மெய்தான். ஆனால் அவர் நாவலாசிரியர் ஆவதற்கு வெகுகாலம் முன்பே முன்சீப்பாக இருந்தவர் என்பதையும், அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டு தம்மைத் தாமே எப்படிக் கட்டி ஆண்டார் என்பதையும் நம்மில் பலர் அறியோம். நமக்கு அதிகப் பிரயோசனமான பாடம் அங்கேதான் இருக்கிறது.

நமது ஊர் மண்ணுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தென்பெண்ணைக் கரையில் இருந்து இந்நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் கதையை நம் அண்டை வீட்டுச் சைவப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போரில் வெல்ல முடியாத பகைவன் ஒருவன் சிவனடியார் வேடம் பூண்டு, சுவடிக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு வந்து அவ்வரசரைக் குத்தினான். சாகும் நேரத்திலும் அரசர் தமது கோபத்தை அடக்கிக்கொண்டு, கொன்றவனை ஒருவரும் தீண்டாதபடி ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி மெய்க்காவலன் தத்தனுக்குக் கட்டளையிட்டார் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. நம்முடைய வேதம் வேறு. வணங்கும் முறை வேறு. ஆயினும் பிறரை ஆளுகிறவன் முதலில் தன்னை ஆள வேண்டும் என்ற உண்மையை நமது ஊர் வெகுகாலமாக மதித்து வந்திருக்கிறது என்பதற்கு இக்கதையே சாட்சி. அதே உண்மையை ஒரு கிறிஸ்தவர், அரசராக அல்ல, மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தராக எப்படிக் கடைப்பிடித்தார் என்பதைக் கேளுங்கள்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரி அம்மாள். பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். தியாகப் பிள்ளை என்ற பெரியவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். தியாகப் பிள்ளை கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆகையால் சட்டமும் வழக்கும் நமது வேதநாயகத்துக்கு இளம் பிராயத்திலேயே பழக்கமாயின. அதோடு தமிழ்ச் செய்யுள் இயற்றும் வரத்தையும் சர்வேசுரன் அவருக்குக் கொடுத்திருந்தார்.

1848-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது நிரம்பும் காலத்தில், திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். கேட்பதற்கு இவை சின்ன வேலைகள் போலத் தோன்றும். சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிராமத்தான் தன் சொத்துக்குரிய ஒரே ஆதாரத்தைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அந்தக் காகிதம் அலமாரியில் பத்திரமாக இருப்பதும், காணாமற் போவதும் பத்திரக் காப்பாளர் கையில் இருந்தது. வெள்ளைக்கார நீதிபதிக்குத் தமிழ் அரைகுறை. வழக்காளிக்கு ஆங்கிலம் ஒன்றும் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. ஒரு சொல்லைச் சற்று மாற்றிச் சொன்னால் நிலம் கைமாறிவிடும். மாற்றியதைக் கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காயிருக்கிறவனே நாலுபேர் பார்க்கும் இடத்திலும் ஒழுங்காயிருப்பான். வேதநாயகம் பிள்ளை பிற்காலத்தில் நீதிபதியாக அமர்வதற்குமுன், இவ்வித இடங்களிலேயே பல ஆண்டு பழகித் தேர்ந்தார்.

முன்சீப் ஆனார்

பின்பு முன்சீப் பரீட்சையில் தேறி, 1857-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். தரங்கம்பாடி அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வரை, அதாவது 1845 வரை, டேனிஷ்காரர் வசம் இருந்த ஊர். அங்கிருந்து சீர்காழிக்கும், பிறகு மாயூரத்துக்கும் மாற்றலானார். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் அந்த மாயூரத்தில்தான் ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டு உத்தியோகம் செய்தார். அதனாலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று பெயர் நிலைத்துவிட்டது.

முன்சீப் என்பவர் கொலை, கொள்ளை வழக்குகளை விசாரிப்பவர் அல்லர். நிலம், கடன், பாகப்பிரிவினை, வாய்க்கால் தண்ணீர், வரப்புச் சண்டை முதலிய சிவில் வழக்குகளே அவர்முன் வரும். காவேரிப் பாசன நாட்டில் நிலம் பொன்னுக்குச் சமானம். ஒரு பக்கம் பெரிய மிராசுதார். மறு பக்கம் குத்தகைக்காரன். ஒரு பக்கம் வட்டிக்குக் கொடுப்பவர். மறு பக்கம் மகள் கலியாணத்துக்குக் கடன் வாங்கிய தகப்பன். இப்படிப்பட்ட கோர்ட்டில் நீதிபதியின் வீட்டு வாசலுக்கு வாழைத்தாரும் நெல் மூட்டையும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? வருகிறவன் லஞ்சம் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. பண்டிகைக்கு மரியாதை என்பான். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்பான். பெரியவர் முகம் பார்த்துப் போக வந்தேன் என்பான். வாங்கிக்கொண்டவன் மறுநாள் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

தனக்குத் தானே எழுதிய சட்டம்

முன்சீப் உத்தியோகம் ஏற்ற இரண்டே ஆண்டில் வேதநாயகம் பிள்ளை ஒரு காரியம் செய்தார். 1859-இல் நீதிநூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். தெய்வபக்தியில் தொடங்கி, அரசருக்குரிய இலட்சணம், குடிகளின் கடமை, தாய் தந்தையரை வணங்குதல், கணவன் மனைவி உறவு, பெண்களைப் படிப்பித்தல், பொய், களவு, சூது, மது, கோபம், பொறாமை, சோம்பல் என்று அதிகாரம் அதிகாரமாக வகுத்துப் பாடினார். அவற்றில் கைக்கூலி, அதாவது லஞ்சம், என்பதற்கும் தனி அதிகாரம் உண்டு.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். நீதி நூல் பாடிய புலவர் நம் தமிழ்நாட்டில் அநேகர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஏட்டையும் எழுத்தாணியையும் தவிர வேறு அதிகாரம் இல்லாதவர்கள். இவரோ நீதி ஸ்தலத்தில் அமர்ந்தவர். லஞ்சம் வாங்குவது கேடு என்று அச்சிட்டு ஊரெங்கும் பரப்பிய முன்சீப்பின் முன்னால் மறுநாள் ஒரு வழக்காளி வந்து நிற்கிறான். அந்த நூலை அவன் படித்திருக்கலாம். படித்தவர் சொல்லக் கேட்டிருக்கலாம். முன்சீப் கோபத்தில் ஒரு சுடுசொல் சொன்னால், கோபத்தைப் பற்றி அவரே பாடிய பாட்டு அவருக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும். சோம்பலால் வழக்கைத் தள்ளிப் போட்டால் சோம்பலைப் பற்றிய அதிகாரம் எழுந்து நிற்கும். தாம் ஆள வேண்டிய ஜனங்களையே தமக்குக் காவலாக வைத்துக்கொண்ட செய்கை அல்லவா இது? மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எழுதியது போலத் தோன்றும் அந்நூல், எழுதியவரின் கையையே முதலில் கட்டிப் போட்டது.

வேதாகமத்தில் தாவீது அரசருடைய சரித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறன் மனைவியை இச்சித்து, அவள் புருஷனைப் போர்முனையில் சாகவிட்ட அவரிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தார். ஏழை ஒருவன் அருமையாய் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். அரசர் கொதித்தெழுந்து அந்தப் பணக்காரனுக்கு மரணத் தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதன் நீரே என்று தீர்க்கதரிசி காட்டியபோதுதான் அரசருக்குக் கண் திறந்தது. பிறர் குற்றத்தைக் காணத் தாவீதின் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தது பாருங்கள்; தன் குற்றத்தைக் காண ஒரு தீர்க்கதரிசி வர வேண்டியிருந்தது. தலைமையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து இதுவே. வேதநாயகம் பிள்ளை தீர்க்கதரிசி வரும் வரை காத்திராமல், தம்மைக் குற்றம் சாட்டக்கூடிய வார்த்தைகளைத் தாமே முந்தி எழுதி வைத்துக்கொண்டார்.

நமது ஞானோபதேசத்தில் தலையான புண்ணியங்கள் நான்கு என்று சிறு வயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம்: விவேகம், நீதி, திடம், மட்டசனம். இவற்றில் நீதியையும் திடத்தையும் உலகம் பார்த்துப் புகழும். மட்டசனம் என்பதோ ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே நடக்கும் வேலை. ஆசைக்கும் கோபத்துக்கும் அளவு கட்டுவதே மட்டசனம். அது இல்லாத இடத்தில் நீதி வெகு நாள் நிற்காது. பணத்தாசையை அடக்காதவன் லஞ்சத்துக்கு விழுவான். புகழாசையை அடக்காதவன் முகஸ்துதிக்கு விழுவான். பயத்தை அடக்காதவன் போஞ்சு பிலாத்துவைப்போலக் கையைக் கழுவிக்கொண்டு குற்றமற்றவரை ஒப்புக்கொடுப்பான். பிலாத்துவுக்கு எது நியாயம் என்று தெரியாமலா போயிற்று? நன்றாய்த் தெரிந்திருந்தது. தன்னை ஆளத் தெரியாததால், தெரிந்த நியாயத்தைச் செய்ய முடியவில்லை.

மேல்நாட்டிலும் இதற்கு ஓர் உத்தம மாதிரி உண்டு. இங்கிலாந்து தேசத்தின் பிரதம நீதி அதிகாரியாக 1529 முதல் 1532 வரை இருந்த அர்ச். தோமாஸ் மூர் என்பவர், கை சுத்தமுள்ள நீதிபதி என்று பேர்பெற்றவர். எட்டாம் ஹென்றி அரசன் தன்னைத் திருச்சபைக்குத் தலைவனாக்கிக் கொண்டபோது, அதற்கு மனச்சாட்சி இடம் கொடாமல் 1535-இல் சிரச்சேதம் அடைந்தார். 2000-ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், அரசியல் அதிகாரிகளுக்கெல்லாம் பாதுகாவலராக இவரை ஏற்படுத்தினார். நம் மாயூரம் முன்சீப்புக்குச் சிரச்சேதம் நேரவில்லை. அவர் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றவருமல்லர். ஆனால் மனச்சாட்சிக்கு மேலே நாற்காலியை வைக்கலாகாது என்பதில் இருவருக்கும் ஒரே வழி.

ஏழைக்குப் புரியும் நியாயம்

நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னால் போதாதா? போதாது என்று வேதநாயகம் பிள்ளை கண்டார். அக்காலத்தில் மேல் கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. எது சட்டம், எது முன்மாதிரி என்று ஜனங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரியாதவனை வக்கீலும் குமாஸ்தாவும் தரகனும் எப்படி வேண்டுமானாலும் ஆட்டி வைக்கலாம். ஆகவே, 1805 முதல் 1861 வரை சென்னைச் சதர் கோர்ட்டில் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரால் 1862-இல் வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! பகலெல்லாம் வழக்கு விசாரணை. அதற்கு மேல் இந்த உழைப்பு. யாரும் கட்டளையிடவில்லை. உத்தியோகம் கேட்டதற்கு மேலே அவருடைய மனச்சாட்சி கேட்டது, கொடுத்தார்.

பிற்காலத்தில் எழுதிய பிரதாப முதலியார் சரித்திரத்திலும் அவர் இக்குறையை விடவில்லை. நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், வழக்காளியும் தமிழர். அப்படியிருக்க, யாருக்கும் சரியாகப் புரியாத ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தை நகைச்சுவையோடு எடுத்துக் காட்டினார். தம்முடைய வர்க்கத்தாரையே கேலி செய்ய அவர் தயங்கவில்லை. தலைவர்கள் அநேகர் ஜனங்களின் குறையை ஏசுவதில் சமர்த்தர். தம்மோடு நாற்காலியில் இருப்பவர்களின் குறையைச் சொல்ல நா எழாது. இவருக்கு எழுந்தது.

அதே கதையில் வரும் ஞானாம்பாள் என்ற பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் ஆண் வேடத்தில் இருக்கும்போது, ஒரு நாட்டுக்கு அரசனாகும்படி நேரிடுகிறது. அவள் பதவியைத் தேடிப் போகவில்லை. வந்த பதவியில் நியாயமாக ஆண்டாள். வேண்டிய காலம் முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பினாள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று பெரியோர்களே கேட்ட காலத்தில், நல்லாட்சிக்கு மாதிரியாக ஒரு பெண்ணைச் சிம்மாசனத்தில் அமர்த்தி எழுதினார் வேதநாயகம் பிள்ளை. பெண் கல்வியைப் பற்றி 1869-லேயே தனி நூலும் எழுதியிருந்தார். தம் வீட்டுப் பெண்மக்களைப் படிக்க வைக்காத தகப்பன் ஊருக்கு எப்படித் தலைவனாவான் என்பது அவருடைய எண்ணம் போலும்.

புகழும் பகையும்

நேர்மையான மனிதருக்கு நண்பர் சேருவதில் வியப்பில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் முதலிய சைவப் பெரியோர்கள் அவருடைய உயிர்த் தோழர்கள். மகாவித்துவான் இவர்மீது குளத்துக்கோவை என்று ஒரு பிரபந்தமே பாடினார். மகாவித்துவானின் மாணவரான உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் இவரைப் பற்றி அன்போடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு கத்தோலிக்கரும் ஒரு சைவ மடத்துத் தலைவரும் ஒருவர்மேல் ஒருவர் கவி எழுதி அனுப்பிக்கொள்ளும் நட்பு அக்காலத்தில் நிலவியது. தம்முடைய விசுவாசத்தை இவர் மறைக்கவும் இல்லை. அதனால் அவர்கள் இவரைத் தள்ளவும் இல்லை. தேவமாதாவின்மீது அந்தாதி பாடியவரும் இவரே. எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878-இல் வெளியிட்டவரும் இவரே.

ஆனால் உத்தியோகம் நிரந்தரமல்லவே. 1872-ஆம் ஆண்டில் முன்சீப் பதவியிலிருந்து விலகினார். வயது அப்போது நாற்பத்தாறுதான். அதிகாரத்தில் இருந்தவர் அதை இழந்த பின் என்னவாகிறார் என்று பார்த்தால் அவருடைய உண்மையான எடை தெரிந்துவிடும். நாற்காலி போனதும் வாசலில் கூட்டம் குறையும். வணக்கம் போட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அநேகர் அந்த மனக்கசப்பிலேயே மீதி நாளைக் கழித்து விடுகிறார்கள். வேதநாயகம் பிள்ளை அடுத்த ஆண்டே, 1873-இல், திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி என்னும் பக்தி நூல்களை வெளியிட்டார். கோர்ட்டுக் கதவு சாத்தியதும் அவர் ஜெபக் கதவைத் திறந்தார் என்றே சொல்ல வேண்டும்.

தாது வருஷப் பஞ்சம்

பிறகு வந்தது பெரிய சோதனை. 1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நடுங்கிக்கொண்டே சொன்ன பஞ்சம் அதுதான். 1878 வரை சென்னை ராஜதானி முழுவதையும் வாட்டியது. லட்சக்கணக்கான ஜனங்கள் பசியாலும் பேதியாலும் அம்மையாலும் மாண்டார்கள். அவ்வேளையிலும் தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் மேல் அதிகாரியான சர் ரிச்சர்டு டெம்பிள் திட்டம் செய்தார். வெயிலில் மண் சுமக்கிறவனுக்கு ஒரு ராத்தல்! அளவாய் இருக்கவேண்டும் என்று அவர் ஏழையின் வயிற்றுக்குச் சட்டம் போட்டார். தம் இலையில் அளவைக் குறைத்தாரோ, சர்வேசுரனுக்கே வெளிச்சம்.

மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளைக்கு அப்போது முன்சீப் உத்தியோகமும் இல்லை. அதன் சம்பளமும் இல்லை. பட்டினியாய் வருகிறவர்களுக்குச் சோறிட வேண்டியது அரசாங்கத்தின் வேலை என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். குற்றம் சொல்வார் யாரும் இல்லை. ஆனால் அவர் தம் கைப்பொருளைச் செலவு செய்து கஞ்சி ஊற்றினார். இருந்ததை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். நண்பரான திருவாவடுதுறைத் தலைவரையும் தர்மத்தில் துணை சேர்த்துக்கொண்டார். பஞ்சத்தின் கொடுமையை ஆண்டவரிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்துப் பக்கம் வாழ்ந்தவர். சிவபக்தர், பிரம்மச்சாரி, பொருளுக்காக மனிதரைப் பாடுகிறவர் அல்லர். அவர் இந்தக் கிறிஸ்தவர் செய்த அன்னதானத்தைக் கண்டு மனம் உருகி, மனிதருள் மேரு மலை போன்றவர் என்று இவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். அக்கீர்த்தனை இன்றும் சங்கீத வித்துவான்களுக்குத் தெரியும். சற்றே கவனியுங்கள், பிரியமான சகோதரரே: நாற்காலியில் இருந்த முன்சீப்பைப் பாடியதில் ஆச்சரியம் இல்லை. பதவியை விட்டு, கையிலிருந்ததையும் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பாடினாரே, அதில்தான் பெருமை.

முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியனாயிருக்கட்டும் என்று நமது ஆண்டவர் போதித்தார். தம் சீஷர்களின் பாதங்களைக் கழுவி அதைச் செய்தும் காட்டினார். பெரிய வியாழக்கிழமைதோறும் இச்சடங்கைக் கோவிலில் பார்க்கிறோம். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டியருகே நின்ற அந்த முன்னாள் நீதிபதி, அச்சடங்கைத் தெருவில் செய்தார்.

முடிவு

பஞ்சம் தணிந்தபின், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. 1887-இல் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது கதை வெளியாயிற்று. 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி, அறுபத்திரண்டாம் வயதில், மாயூரத்திலேயே ஆண்டவர் திருவடி சேர்ந்தார். அவருடைய தீர்ப்புக் கட்டுகளை இன்று யாரும் தேடுவதில்லை. அவருக்கு மேலே இருந்த அதிகாரிகளின் பெயர்களையும் நாம் அறியோம். அவர் விட்டுப்போன நல்ல பெயர் மட்டும் செல்லரிக்கவில்லை.

இனி நம்மைப் பற்றி

அன்பானவர்களே, இதை வாசித்துவிட்டு, நாம் என்ன நீதிபதியா, மந்திரியா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சர்வேசுரன் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார். சிலருக்கு அது ஊராட்சி மன்றத்தில், சிலருக்குப் பள்ளிக்கூடத்தில், சிலருக்கு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு, சிலருக்குப் பங்குப் பேரவை, சிலருக்குக் கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் வயல். ஒன்றுமே இல்லாத தகப்பனுக்கும் தாய்க்கும், வீட்டில் வளரும் பிள்ளைகளின் முன்னால் ஒரு நாற்காலி இருக்கிறது.

ஆகையால் இன்று இராத்திரி ஜெபமாலை முடிந்தபின் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, தலையான பாவங்கள் ஏழையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். குழுப் பணத்தில் ஒரு நூறு ரூபாயை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்திருக்கிறேனா? தேர்தல் காலத்தில் என் வாக்குக்குக் காசு வாங்கிவிட்டு, பிறகு தலைவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று திண்ணையில் அமர்ந்து ஏசுகிறேனா? என் சாதிக்காரன், என் சொந்தக்காரன் என்பதற்காக ஒருவன் பக்கம் நியாயம் பேசினேனா? கூலியாளின் கூலியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேனா? குடித்துவிட்டு வந்து, குடிக்காதே என்று மகனுக்குப் புத்தி சொன்னேனா? கோபத்தில் மனைவியை, பிள்ளையை அடித்துவிட்டு, வீட்டுக்குத் தலைவன் நான் என்று சொல்லிக்கொண்டேனா?

இக்கேள்விகளுக்கு விடை கசப்பாயிருந்தால் சோர்ந்து போக வேண்டாம். தாவீது அரசரும் விழுந்தார்; ஆனால் தீர்க்கதரிசி காட்டியதும் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு அழுதார். நமக்கோ பாவசங்கீர்த்தனம் என்னும் நீதி ஸ்தலம் இருக்கிறது. குற்றவாளி தன் குற்றத்தைத் தானே சொன்னால் மன்னிப்போடு அனுப்புகிற கோர்ட்டு உலகத்தில் அது ஒன்றே. வாய்தா இல்லை, வக்கீல் இல்லை, செலவும் இல்லை. சனிக்கிழமை மாலையில் வாருங்கள்.

வேதநாயகம் பிள்ளை செய்ததில் ஒன்றையாவது நாமும் செய்யலாம். அவர் தம்மைக் கட்டும் வார்த்தைகளை எழுதி வெளியிட்டார். நமக்குக் கவி பாடத் தெரியாவிட்டால் போகட்டும். எந்தக் குற்றத்தில் அடிக்கடி விழுகிறோமோ, அதை இனிச் செய்யமாட்டேன் என்று மனைவி மக்கள் அறிய, அல்லது குழுவில் உள்ள நாலுபேர் அறிய, ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். கணக்கு நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று மேஜைமேல் திறந்து வைப்போம். தவறினால் கேட்கும்படி அவர்களுக்கே உரிமை கொடுப்போம். முதலில் வெட்கமாயிருக்கும். அந்த வெட்கமே நமக்குக் காவலாக நிற்கும்.

அடுத்த முறை கோர்ட்டு வாசலைக் கடக்கும்போது, அங்கே காத்திருக்கும் ஏழைகளுக்காகவும், உள்ளே நாற்காலியில் இருப்பவருக்காகவும் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். அப்படியே, நமக்குக் கொடுக்கப்பட்ட நாற்காலியில் நாமும் நியாயமாய் இருக்க வரம் தரும்படி, நீதியின் கண்ணாடியாகிய தேவமாதாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.